மூன்று மணிக்கு விழும் அடி

பஞ்சுமேட்டில் முதல் அடி விழுந்தது ஒரு மாப்பிள்ளையின் தோளில். கல்யாணத்துக்கு முன்பே ஜோடியாகப் படம் பிடித்துக்கொள்வதற்காக ஈரோட்டிலிருந்து வந்திருந்த பையன் அவன். பட்டு வேட்டியும் கறுப்புக் கண்ணாடியுமாக மரகதவல்லி மில்லின் பழைய இரும்புக் கேட்டில் சாய்ந்து, வரப்போகிற பெண்டாட்டியைப் பார்த்துச் சிரிக்கச் சொன்ன போட்டோக்காரருக்காகச் சிரித்துக்கொண்டிருந்தபோது, மத்தியானம் மூன்று மணிக்கு, யாரும் இல்லாத வெறும் காற்றிலிருந்து ஒரு கழி விசிறிக்கொண்டு இறங்கும் சத்தம் கேட்டது. அது முடிவதற்குள் அவன் தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தமும் கேட்டது. அவன் முதலில் மச்சான்மீதுதான் சந்தேகப்பட்டான். மச்சானோ ரோட்டுக்கு அந்தப் பக்கம் இளநீர் குடித்துக்கொண்டிருந்தான். சட்டையை அவிழ்த்துப் பார்த்தபோது தோல் நீளமாகத் தடித்து, தடிப்பின் முனையில் இரும்புப் பூண் பதிந்த வட்டம் ஒன்று கன்றிப்போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், கல்யாணம் குறித்த நாளில் கட்டுப்போட்ட கையோடு நடந்தது என்று பிறகு கேள்விப்பட்டோம்.

மரகதவல்லி மில் ஒரு காலத்தில் மூன்று ஷிப்டுக்கும் சங்கு ஊதி, கோயமுத்தூரின் கிழக்குப் பக்கம் முழுவதையும் எழுப்பவும் தூங்கவைக்கவும் செய்த மில். அது நஷ்டப்பட்டு, பூட்டி, துருப்பிடித்து, பாம்புகளும் குடிகாரர்களும் பங்குபோட்டுக் குடியிருந்த பிறகு, சென்னியப்பன் என்கிற பெரியவர் வாங்கினார். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவார் என்று ஊரே காத்திருக்க, அவர் செங்கலை மட்டும் கழுவிவிட்டு, ஓவியம் வரைகிறவர்களுக்கும் மண்பாண்டம் வனைகிறவர்களுக்கும் நாடகம் போடுகிறவர்களுக்கும் இடத்தைத் திறந்துவிட்டார். நூல் ஓடிய கூடங்களில் படங்கள் தொங்கின, பஞ்சு கோடவுனில் சக்கரம் சுழன்றது, தொழிலாளர்கள் இருந்த லைன் வீடுகளில் பாதி காப்பிக்கடைகளாயின, இயந்திரச் சூடு தணிக்கத் தண்ணீர் தேக்கிய பெரிய தொட்டியைச் சுத்தம் செய்து, உள்பக்கம் இருந்த படிகளை அகலமாக்கி, நாடக மேடையாக்கினார்கள். அந்தத் தொட்டியின் விளிம்பில் நாச்சம்மாள் டீக்கடை போட்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் அலறல் கேட்டபோது நாச்சம்மாள் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள், ஆற்றிய டீ டம்ளரில் விழாமல் அவள் காலில் விழுந்தது. அந்தக் கேட்டின் அந்த இடம் அவளுக்குத் தெரியும். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு சித்திரை மாதத்து மூன்று மணிக்கு, அவள் புருஷன் ஆறுக்குட்டியை மில் ஆட்கள் அந்தக் கேட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். முகத்தில் துண்டு கட்டிய ஒரே ஒருவன் கழியோடு பின்னால் போனான். வெளியே நின்ற சனத்துக்குச் சத்தம் மட்டும் கேட்டது, அது கேட்டில் தொடங்கி உள்ளே உள்ளே நகர்ந்து தொட்டிப் பக்கம் போய் அடங்கியது. ஏறிக் குதிக்க ஒருத்தருக்கும் கால் எழவில்லை. போனவன் திரும்பி வரும்போதும் துண்டை அவிழ்க்கவில்லை. பொழுது சாயும்போது ஆறுக்குட்டி, வேலைநிறுத்தத்தால் வற்றிக் கிடந்த தண்ணீர்த் தொட்டியில் கிடந்தான், வழுக்கி விழுந்தான் என்று எழுதிக் கதையை முடித்தார்கள். அப்போது மகள் கோகிலவாணி நாச்சம்மாளின் வயிற்றில் இருந்தாள்.

அடி மறுநாளும் விழுந்தது. அதே மூன்று மணிக்கு, ஆனால் முந்தின நாள் விழுந்த இடத்தில் இல்லாமல் சற்றே உள்ளே தள்ளி விழுந்தது. அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம் உள்ளே. அன்றைக்கு அந்த இடத்தில் ஆள் யாரும் இல்லாததால் கழி சுவரில் இறங்கி, சென்னைப் பையன் ஒருவன் ஒரு மாதமாக வரைந்திருந்த மயிலின் கழுத்தைச் செங்கலோடு பெயர்த்துக்கொண்டு போனது. ஒரு நாளைக்கு ஓர் அடி, அதற்கு மேல் இல்லை, ஒரு நாளும் தவறவும் இல்லை. ஓடுகிற ஒருவனைத் துரத்துகிற கணக்கில் அது கேட்டிலிருந்து நூற்புக் கூடத்துக்கும், கூடத்திலிருந்து கோடவுன் சந்துக்கும் மெதுவாக நகர்ந்தது, குயவர்களின் சூளையில் ஒரு வாரத்துப் பானைகளை ஒட்டுமொத்தமாக நொறுக்கியது, காப்பிக்கடைக்காரர்கள் இன்றைக்கு எங்கே விழும் என்று காலையிலேயே கணக்குப் பார்த்து மேசைகளை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

மனுசன் எதற்கும் பழகிவிடுவான், பஞ்சுமேட்டுக்காரர்கள் அதிலும் சீக்கிரம் பழகினார்கள். லைன் வீடுகளில் மிச்சமிருந்த பழைய மில் குடும்பங்கள் மாரியம்மன் கோவில் பூசாரியைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவர் சுவரில் பூண் பதிந்த வட்டத்தில் விரல் வைத்துப் பார்த்து, இது அம்மன் சாட்டை என்று சொல்லிவிட்டார். பஞ்சுமேட்டில் வருஷா வருஷம் பொங்கல் சாட்டித் திருவிழா தொடங்கியதும் நேர்ந்துகொண்டவர்கள் பூசாரியிடம் சாட்டையடி வாங்குவது வழக்கம். அதற்கு ஒரு முறை உண்டு. முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும், அடிக்கிறவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் எதற்கு அடிக்கிறாய் என்று அம்மனையே கேட்டதாகிவிடும். பூசாரி அந்த முறையை இதற்கும் வைத்தார். அன்றிலிருந்து மூன்று மணிக்கு முன்பே ஈர வேட்டியும் மஞ்சள் துண்டுமாக யாராவது ஒருவர் வந்து, முதுகைக் காட்டி, கண்ணை மூடி நின்றார்.

நாச்சம்மாள் பூசாரியிடம் போய், இது எங்க வீட்டுக்காரர் ஓடின வழி, அவர் வாங்கின அடி என்று சொன்னாள். பூசாரி அவளைப் பார்க்காமல் குங்குமத் தட்டைத் துடைத்துக்கொண்டே, தெரியும் நாச்சா, எல்லாருக்கும்தான் தெரியும் என்றார். அத்தோடு பேச்சை முடித்துக்கொண்டார். ஆறுக்குட்டியின் அடி என்று ஒத்துக்கொண்டால் அன்றைக்குக் கேட்டுக்கு வெளியே நின்றவர்கள் யார் யார் என்ற பேச்சு வரும். அம்மன் சாட்டை என்றால் ஒரு தேங்காய் உடைத்தால் போதும். நாச்சம்மாள் காறித் துப்பிவிட்டுக் கடைக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

கலைஞர்கள் சும்மா இருப்பார்களா? நிகிலன் என்று பெங்களூரிலிருந்து வந்த பையன்தான் அங்கே நிகழ்ச்சிகளுக்கெல்லாம் பொறுப்பு. நல்ல பிள்ளை, ஆனால் கண்ணில் படுவதையெல்லாம் காட்சியாக்காமல் விடமாட்டான். அவன் நாச்சம்மாளிடம் முழுக் கதையையும் கேட்டு, கண் கலங்கி, ஆறுக்குட்டியின் பெயரை அழகான எழுத்தில் பித்தளையில் பொறித்துக் கேட்டில் மாட்டினான். மறுவாரமே ‘மூன்று மணி’ என்று நிகழ்ச்சிக்குப் பெயர் வைத்து, வலியை உணர விரும்புகிறவர்கள் முன்பதிவு செய்யலாம் என்று அறிவித்தான். கூட்டம் அலைமோதியது. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள், வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், விவாகரத்தான ஒரு வக்கீல் விலா எலும்பு முறிந்த நிலையிலும் இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் அழுதேன் என்று எல்லாரையும் கட்டிப்பிடித்தார். எலும்பு வைத்தியர் ஒருவர் கேட்டுக்கு எதிரிலேயே கடை விரித்தார். கழி இறங்கும், எலும்பு முறியும், கூட்டம் கை தட்டும், வாங்கினவரைத் தூக்கிக்கொண்டு போனதும் அவரவர் நாச்சம்மாளிடம் டீ வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள்.

ஒரு நாள் விடாமல் வந்தவர் சென்னியப்பன் ஒருவர்தான். அறுபதைத் தாண்டின மனுசர், வெள்ளை வேட்டி சட்டை, அதிராத பேச்சு. பிரம்பு நாற்காலியைப் போடச் சொல்லி முன்வரிசையில் உட்கார்ந்து, அடி விழுகிற வரைக்கும் கண் கொட்டாமல் பார்ப்பார். நாச்சம்மாளுக்கு அவர்மேல் பெரிய மரியாதை. தொட்டி ஓரத்தில் வாடகையில்லாமல் கடை போட்டுக்கொள்ளச் சொன்னதும், கோகிலவாணியை நாடகக் குழுவில் சேர்த்துவிட்டதும் அவர்தான். சில வாரங்களாக அவருக்கு வலது தோளில் தீராத வலி. நாச்சம்மாள் நொச்சியும் மஞ்சளும் அரைத்துத் தன் கையாலேயே பற்றுப்போட்டாள், ஐயா மாதிரி ஒரு மனுசன் அன்றைக்கு இந்த மில்லில் இருந்திருந்தால் என் குடி கெட்டிருக்காது என்றுகூடச் சொன்னாள். அவர் சர்க்கரை போடாத டீயைக் குடித்தார்.

கோடவுன் சந்தைத் தாண்டியதும் அடியின் உயரம் குறைந்தது. முன்பெல்லாம் தோளிலும் முதுகிலும் விழுந்தது, இப்போது நிற்கிறவரின் முழங்காலில் விழுந்தது. பிறகு முழங்காலுக்கும் கீழே, உட்கார்ந்தால்தான் முதுகில் வாங்க முடியும் என்கிற உயரத்துக்கு இறங்கியது. பூசாரி உட்கார்ந்து வாங்கலாம் என்று முறையைத் தளர்த்தினார். நிகிலன் பாய் விரித்தான். நின்று ஓடினவன் விழுந்துவிட்டான், விழுந்தவன் மண்டியிட்டுப் போகிறான், மண்டியிட்டவன் இப்போது தவழ்கிறான் என்று நாச்சம்மாளுக்கு ஒவ்வொரு நாளும் கண்ணெதிரே தெரிந்தது. அடி தொட்டிப் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. கடைசிப் படிக்கும் கீழே, தொட்டியின் தரையில், அவன் தலை கிடந்த இடம் இருந்தது.

அங்கே விழப்போகிற அடியைத் தான் வாங்கப்போவதாகக் கோகிலவாணி வந்து சொன்னது அப்போதுதான். ஆறுக்குட்டியின் மகளே வாங்குகிறாள் என்று நிகிலன் ஊரெல்லாம் சொல்லிவிட்டான், வெளியூர்க் கூட்டம் முந்தின நாளே வந்து இறங்கியது. நாச்சம்மாள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். மற்ற அடியெல்லாம் எலும்போடு போனது, இது மண்டையைப் பிளந்த அடி, உயிரை வாங்கின அடி என்று சொல்லிப் பார்த்தாள். கோகிலவாணி கேட்பதாக இல்லை.

“எனக்குன்னு அவருகிட்ட இருந்து என்ன வந்துச்சு, சொல்லும்மா. ஒரு சட்டை உண்டா? பேசுன பேச்சு ஒண்ணு உண்டா? ஒரு அடியாச்சும் வரட்டும்.”

“அது அவரு குடுத்ததில்ல கண்ணு. அவருக்குக் குடுத்தது.”

மகள் அதைக் காதில் வாங்காமல் எழுந்து போனாள். நாச்சம்மாள் நிகிலனிடம் போனாள், அவன் ஆம்புலன்ஸ் நிறுத்தியிருக்கிறோம் அம்மா என்றான். சென்னியப்பனிடம் போனாள். நீங்க ஒரு வார்த்தை சொன்னா நின்னுரும்ங்க ஐயா என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கையை மெல்ல உருவிக்கொண்டு, அது விழுந்து முடியட்டும் அம்மிணி, முடிஞ்சாத்தான் எல்லாருக்கும் நிம்மதி என்றார். அவர் சொன்னது அவளுக்குப் பிடிபடவில்லை. பிள்ளையைப் பெற்றவள் மாதிரி அவர் எங்கே பதறப்போகிறார் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்குத் தொட்டிப் படிகளில் எள் போட்டால் எள் விழாது. கோகிலவாணி ஈரப் புடவையோடு இறங்கி, முறைப்படி முதுகைக் காட்டி, தொட்டித் தரையில் குப்புறப் படுத்து, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக் கண்ணை மூடினாள். பூசாரி உடுக்கையை எடுத்தார். ஆயிரம் கைபேசிகள் உயர்ந்தன. நாச்சம்மாள் கடையிலிருந்து படிகளில் இறங்கி வந்ததை யாரும் தடுக்கவில்லை, பெற்றவள் மகள் பக்கத்தில் உட்காரப்போகிறாள் என்று வழிவிட்டார்கள். அவள் உட்காரவில்லை. மகளின் மேல் ஒரு கால் இந்தப் பக்கமும் ஒரு கால் அந்தப் பக்கமுமாக நின்று, முந்தானையை இடுப்பில் செருகி, பஞ்சுமேட்டில் இதுவரை ஒருத்தரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாள். அடி வருகிற திசையைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

காற்று விசிறுகிற சத்தம் வந்தது. நாச்சம்மாள் இரண்டு கையையும் உயர்த்தி அந்தச் சத்தத்தைப் பிடித்தாள். உள்ளங்கைத் தோல் பிய்ந்தது, இடது மணிக்கட்டு மளுக்கென்று முறிந்தது, ஆனாலும் விரல்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத கழி ஒன்று கனத்தது. கணு தட்டுப்பட்டது, வியர்வை ஊறிய வழவழப்பு தட்டுப்பட்டது, நுனியில் சில்லென்று பூண் இருந்தது. மறுமுனையில் இருந்தவன் இளவட்டம், வெறிகொண்டு இழுத்தான், அவளை அப்படியே முன்னால் இழுத்துக்கொண்டு போனான். கீழே கிடந்த கோகிலவாணி கண்ணைத் திறந்தாள். அம்மா வெறும் காற்றோடு மல்லுக்கட்டுவதையும் அவள் முழங்கை வழியாக ரத்தம் ஒழுகுவதையும் பார்த்தவள், நாடகத்தையும் முறையையும் மறந்து எழுந்து, அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் இழுத்தாள். இரண்டு பெண்களும் இழுத்த இழுப்பில் கழி அவன் கையிலிருந்து உருவிக்கொண்டு வந்தது.

வந்த கழியை நாச்சம்மாள் நல்ல கையில் மாற்றிக்கொண்டு, அவன் நிற்கிற இடம் இதுதான் என்று குத்துமதிப்பாகக் கணக்குப்போட்டு, ஓங்கி வீசினாள். சதையில் பட்டது. மறுபடி வீசினாள், எலும்பில் பட்டது. தோளில் ஒன்று போட்டாள், முதுகில் ஒன்று போட்டாள், அவன் விழுந்தானோ என்னவோ அடி கீழே போய் முழங்காலில் பட்டது. ரத்தம் ஆளில்லாமல் தரையில் தெறித்தது. அவளுக்கு அழுகையும் வந்தது, சந்தோஷமும் வந்தது, முப்பத்தைந்து வருஷமாக எங்கே என்று தெரியாமல் தேடிய உடம்பு கைக்கு எட்டிவிட்ட சந்தோஷம் அது. கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. நிகிலன் இப்படி ஒரு முடிவைத் தான் யோசிக்கவே இல்லையே என்று வாய் பிளந்து நின்றான்.

அப்போது முன்வரிசையில் பிரம்பு நாற்காலி சாய்ந்தது. சென்னியப்பன் கீழே கிடந்தார். நாச்சம்மாள் காற்றில் அடித்தபோதெல்லாம் அவர் துடித்தார். தோளில் அடித்தால் தோளைப் பிடித்தார், முழங்காலில் அடித்தால் முழங்காலைப் பிடித்தார். வெள்ளைச் சட்டையின் முதுகில் சிவப்புக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிளம்பின, ஒவ்வொரு கோட்டின் முனையிலும் பூணின் வட்டம் இருந்தது. கை தட்டல் நின்றது. ஒரு பெண் வீறிட்டாள். ஐயோ பெரியவரைக் கொல்லுறாங்க, போலீசைக் கூப்பிடுங்க என்று நிகிலன் கத்தினான், ஆம்புலன்சைக் கூப்பிட்டான், இது வன்முறை, இதை இங்கே அனுமதிக்க முடியாது என்றும் கத்தினான். நான்கு மாதமாக அத்தனை எலும்பு முறிந்தபோது வராத அந்த வார்த்தை அவன் வாயில் அப்போதுதான் வந்தது. பூசாரி உடுக்கையைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் நழுவினார்.

நாச்சம்மாளைப் பிடிக்க இரண்டு பேர் இறங்கினார்கள், கண்ணுக்குத் தெரியாத கழி எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் வீசும் என்று தெரியாமல் பாதிப் படியிலேயே நின்றுவிட்டார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை. தன் கையால் பற்றுப்போட்ட தோளைத்தான் பார்த்தாள். தினமும் மூன்று மணிக்குக் கழியை ஓங்கி ஓங்கித்தான் அந்தத் தோள் வலித்தது என்று அவளுக்கு இப்போது விளங்கியது, வாடகையில்லாத டீக்கடையும் விளங்கியது. கழியைத் தரையில் இழுத்துக்கொண்டே அவரிடம் போனாள், பூண் சிமெண்டில் உரசுகிற சத்தம் தொட்டி முழுக்கக் கேட்டது.

“நீங்கதானுங்களா?”

அவர் தலையை ஆட்டினார். கழியில் இன்னும் ஓர் அடி பாக்கி இருப்பது இருவருக்கும் தெரிந்தது, அது எங்கே விழ வேண்டிய அடி என்பதும் தெரிந்தது. கோகிலவாணி பின்னால் வந்து அம்மாவின் தோளைப் பிடித்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் பிடித்தவள், அப்படியே அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

“எம் புள்ளைக்கு அவங்கப்பன் பேச்சு ஒண்ணுகூடக் கெடைக்கல,” என்றாள் நாச்சம்மாள். “கடைசியா என்ன சொன்னாருங்க? உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும்.”

சென்னியப்பன் உதட்டை நனைத்துக்கொண்டார். அவர் பார்வை கோகிலவாணியிடம் போய்விட்டுத் திரும்பியது.

“தண்ணி கேட்டான் அம்மிணி.”

“குடுத்தீங்களா?”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேலே போலீஸ் ஜீப்பின் சத்தம் கேட்டது, கேட்டில் கூட்டம் அடைத்துக்கொண்டிருந்ததால் அது உள்ளே வர முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நாச்சம்மாள் மகள் பக்கம் திரும்பினாள்.

“கோகிலா, கடையில சொம்பு இருக்குது. ஐயாவுக்குத் தண்ணி கொண்டா.”

கோகிலவாணி படியேறிப் போய்ச் சொம்பு நிறைய மொண்டுகொண்டு வந்தாள். அவர் எழுந்திருக்க முடியாமல் கிடந்ததால் கழுத்துக்கு அடியில் கை கொடுத்து, பெற்ற தகப்பனுக்குப் பிடிக்கிற மாதிரி பிடித்துக் குடிக்க வைத்தாள். அவர் பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினார், மறுபடியும் குடித்தார், தண்ணீர் தாடையில் வழிந்தது, அதையும் அவள் துடைத்துவிட்டாள். நாச்சம்மாள் அவசரப்படுத்தவில்லை. கடைசி மடக்கு தொண்டைக்குள் இறங்குகிற வரைக்கும் பொறுமையாகக் காத்திருந்து, மகளை நகர்ந்துகொள்ளச் சொல்லிவிட்டு, கழியை ஓங்கினாள்.